புலி மூஞ்சி ஒட்டிய வண்டி

சிரிக்க வைக்கிறேன் அக்கா. சத்தியமாகச் சிரிப்பீங்க. எங்கள் அப்பா, ஊர் கூடி நிற்கிற இடத்தில், ஒரு வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு "ச்சீ!" என்று காறித் துப்பிய கதை. எந்த வண்டிக்குள், எதற்குத் துப்பினார் என்பதில்தான் சிரிப்பே இருக்கிறது. அதை இப்போது சொல்ல மாட்டேன். முதலில் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போடுங்க. மோரைக் குடிங்க. நல்ல சிரிப்பைக் கொஞ்சம் ஊறப்போட வேண்டும்.

அப்பா தாராபுரத்துக்கு முருங்கைக்காய் லோடு கொண்டுபோயிருக்கிறார். வந்துவிடுவார். அதுவரைக்கும் உங்கள் கேள்வியை என்னிடம் கேளுங்க. நான் வஞ்சி. பிளஸ் டூ. எனக்கு எல்லாக் குரலும் வரும். பிசிக்ஸ் சார், பழனி பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டு ஆடு, யார் வேண்டும் சொல்லுங்க. உங்களையே பண்ணிக் காட்டவா? "வணக்கமுங்க, கோயமுத்தூர்ல இருந்து வர்றேனுங்க, வேங்கை மோட்டார்ஸ் கம்பெனிக்காக ஒரு சின்ன சர்வே, அஞ்சே நிமிஷம்." பார்த்தீங்களா, நீங்களே பக்கத்தில் இன்னொருத்தி நிற்கிறாளா என்று திரும்பிப் பார்க்கிறீங்க!

சரி, கேள்வி என்ன? 'வேங்கை என்றதும் உங்கள் மனதில் முதலில் தோன்றும் உணர்வு?'

அருவருப்பு. உங்கள் டேப்லெட்டில் அதைத் தட்டுங்க. கட்டத்தில் பெருமை, நம்பிக்கை, வலிமை, இவ்வளவுதான் இருக்கிறதா? கீழே 'மற்றவை' என்று ஒன்று இருக்குமே, அதில் போடுங்க. அப்புறம் வாடிக்கையாளரைப் பற்றிய குறிப்பு என்று இருக்கிறது பாருங்க, அதில் 'சாமியப்பன், ஒட்டன்சத்திரத்தின் முதல்தர ஏமாளி' என்று எழுதுங்க. விளையாட்டு இல்லை அக்கா, எழுதுங்க. கதையைக் கேட்டபிறகு நீங்களே எழுதத்தான் போறீங்க. ம், காட்டுங்க. ஏமாளிக்குப் பெரிய 'ளி' போட்டிருக்கிறீங்களா? நல்லது.

வரும்போது கேட்டில் புலியைப் பார்த்திருப்பீங்க. பட்டறைக்காரர் வளைத்தது, பூனை மாதிரிதான் இருக்கும், ஆனால் அப்பாவிடம் அதைச் சொல்லிவிடாதீங்க. ஜன்னல் கம்பியில் புலி. சாவிக்கொத்தில் புலி. அப்பாவின் காக்கிச் சட்டைப் பையில் புலி. "தாலியில மட்டுந்தான் இந்த மனுசன் புலியக் கட்டல" என்பாள் அம்மா. வேங்கை லாரியில் கிளீனராக ஏறி, அதே லாரியில் டிரைவராகி, அப்புறம் சொந்தமாக ஒரு வேங்கை வாங்கி, இன்றைக்குக் காய்கறி மார்க்கெட் மேற்கு வாசல் வேன் ஸ்டாண்டுக்குத் தலைவர். அந்த ஸ்டாண்டில் எல்லாமே வேங்கை. ரோட்டுக்கு அந்தப்பக்கம் சாரதி ஸ்டாண்டு. அங்கே எல்லாமே சக்கரச் சின்னம் போட்ட சாரதி கம்பெனி வண்டி. நடுவில் ஒரு டீக்கடை. இரண்டு பக்கத்துக்காரர்களும் அதே பாய்லர் டீயைத்தான் குடிப்பார்கள், ஆனால் பெஞ்சு வேறு வேறு.

இதில் எங்கள் மாமா என்ன செய்தார் தெரியுமா? அப்பாவின் ஒரே தங்கச்சி தெய்வாத்தாள் அத்தை, அவளுடைய வீட்டுக்காரர், குழந்தைவேலு மாமா. அப்பா ஸ்டாண்டிலேயே வண்டி போட்டிருந்தவர். ஒருநாள் காலையில் சாரதி கம்பெனியின் புது பிக்கப், 'தோழன்' என்று பெயர், அதற்கு மாலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்து நேரே எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டார்.

அப்பாவின் குரலைக் கேளுங்க: "மாப்ள, அந்தச் சக்கரப் பொம்ம போட்ட வண்டி நிக்கிற வாசல இந்தச் சாமியப்பன் மிதிச்சா, என் மீசைய எடுத்துட்டு சேலையக் கட்டிக்கறேன்!"

மாமாவின் குரல், கொஞ்சம் மூக்கால் பேச வேண்டும்: "கட்டிக்குங்க மச்சான், கலர் மட்டும் சொல்லி அனுப்புங்க, நானே எடுத்துத் தர்றேன்."

ஸ்டாண்டே கேட்டது. அவ்வளவுதான். பேச்சு நின்றுபோனது. ரோஷக்காரர்கள்! நாலு சக்கரத்துக்காக ஒரே தங்கச்சி வீட்டை விட்டுவிட்ட மனுஷன். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும் அக்கா. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா பின்பக்கம் போய், ஏற்கெனவே கழுவிய வண்டியை மறுபடி கழுவுவார். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு மகிழன் வருவான், ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, மூன்று வயசு. அவன் வருகிற நாளெல்லாம் மதில்மேல் கடலைமிட்டாய் இருக்கும். எறும்பு ஏறுகிறதென்று அம்மா திட்டுவாள். எவர் வைக்கிறாரோ, அந்த அக்கிரமத்துக்கு ஒரு கணக்கே இல்லை.

இருங்க, சிரிப்பு வருகிறது. அதற்கு முன்னால் உங்கள் கம்பெனி செய்த வேலையைக் கேளுங்க.

அப்போது வேங்கையிடம் பிக்கப் வண்டி கிடையாது. எல்லாரும் சாரதி பக்கம் போகிறார்கள். அப்போதுதான் டிவியில் விளம்பரம் வந்தது. மலை, மேகம், இடி. ஒரு ஆள் அடிவயிற்றிலிருந்து பேசுவான்: "இந்த மண்ணில் பிறந்தது... வேங்கையின் ரத்தத்தில் வளர்ந்தது... வேங்கை... மின்னல்!" உறுமல் வேறு. அப்பா அதைச் சோற்றில் கையை வைத்தபடி பார்த்தார். மறுமாசமே ஒட்டன்சத்திரத்தில் முதல் மின்னல் எங்கள் வாசலில். ஷோரூம் பையன் சாவியைக் கொடுத்துவிட்டு, "சார், திஸ் இஸ் நாட் எ வெஹிக்கிள் சார், திஸ் இஸ் எ ஃபேமிலி மெம்பர் சார்" என்றான். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார். முன்கண்ணாடி ஓரத்தில் குனிந்து என்னமோ பார்த்தார். பூசை கூட ஆகவில்லை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் கூட வைக்கவில்லை, "கண்ணு, உள்ள முருகன் ஸ்டிக்கர் இருக்கும் பாரு, எடுத்துட்டு வா" என்று அவசரமாக வாங்கி அந்தக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினார். அவ்வளவு பக்தி.

வண்டியைக் கழுவுவது என் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயை அழுத்திப் பிடித்துப் பின்கதவில் அடித்தேன். புலி மூஞ்சி பொட்டென்று விழுந்தது. பிளாஸ்டிக், பின்னால் பசை. அது ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம், வட்டத்துக்குள் எட்டு ஆரக்கால். சாரதியின் சக்கரம் உட்காருவதற்கென்றே அடித்த பள்ளம் அக்கா! புலிக்கு எதற்கு ஆரக்கால்? ஓடிப்போய் முருகன் ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் பொறித்திருக்கிறது, அதே சக்கரம். சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்த் தோழனைப் பார்த்தேன். சீட்டுத் தையல் அதே. ஏசி ஓட்டை அதே. கதவு மூடும்போது "க்ர்யீக்" என்று அழும் பாருங்க, அந்த அழுகை கூட அதே. முன்பக்கக் கிரில்லை மாற்றி, புலியை ஒட்டி, விலையை ஏற்றி... தூ! அடுத்த வீட்டுக்காரி ஆட்டிய மாவை வாங்கித் தோசை ஊற்றி, என் கைமணம் என்று சொல்லி விற்கிறவனை என்ன சொல்வீங்க? ரத்தமாம். மண்ணாம். இடியாம்!

அப்பாவிடம் போய்ச் சொன்னேன், மூச்சு வாங்க. "அப்பா, இது சாரதி! கண்ணாடில சக்கரம் இருக்குது, ஸ்டிக்கரத் தூக்கிப் பாருங்க!"

அப்பா தூக்கிப் பார்த்தாரா? "முருகன் மேல கைய வெக்காத கண்ணு. பாவம்" என்றார். புலி மூஞ்சிக்கு பெவிகுவிக் வாங்கி வந்து தானே ஒட்டிக்கொண்டார். அக்கா, எனக்கு அந்தக் கம்பெனிமேல் கூட அவ்வளவு வெறுப்பு வரவில்லை. கண்ணெதிரே காட்டினாலும் பார்க்க மாட்டேன் என்கிற ஆளை என்ன செய்ய? ஸ்டாண்டில் போய், "மின்னல் இழுவை தனி இழுவைடா" என்று அதே வாயால் பேசினார். அவர் பேச்சைக் கேட்டு ஸ்டாண்டில் பாதிப்பேர் மின்னலுக்கு அட்வான்ஸ் கட்டினார்கள். இனி எப்படி மாற்றிப் பேசுவார்?

அந்த நேரத்தில்தான் மகிழனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். உங்களுக்குத் தெரியாததா, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அத்தைக்கு இருப்பது ஒரே அண்ணன். அத்தை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "எங்கண்ணன் மடி இல்லீன்னா என் பையனுக்குக் காதே குத்த வேண்டாம் அண்ணி. மூளிக்காதோட வளரட்டும்." அப்பா பின்பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் முடிவு பண்ணினேன். இந்த மனுஷனின் புலிப் பைத்தியத்தை ஊர் பார்க்கக் கழற்றிப் போட வேண்டும். நம் ஆயுதம் என்ன? குரல்.

என் சிநேகிதி ரஹீமாவின் போனை வாங்கிக்கொண்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்பா கீழே முற்றத்தில். அவர் நம்பரைப் போட்டேன். இந்தக் குரலைக் கவனிங்க, இதற்கு மூன்று நாள் பழகினேன்: "வணக்கம். திரு சாமியப்பன் அவர்களா? வேங்கை மோட்டார்ஸ் தலைமை அலுவலகத்திலிருந்து மதுரவாணி பேசுகிறேன். தங்களைப் போன்ற பாரம்பரிய வாடிக்கையாளர்களுக்காக 'கண்ணைக் கட்டினாலும் வேங்கை' என்னும் போட்டியை நடத்துகிறோம்."

அப்பா போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றார். ஒரு தடவை மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்த்தார். வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்திருப்பார். நான் குனிந்துகொண்டேன்.

"சொல்லுங்க மேடம்" என்றார். அடடா, அந்தப் பணிவு!

கண்ணைக் கட்டிக்கொண்டு மின்னலிலும் தோழனிலும் உட்கார்ந்து ஒரு சுற்று வர வேண்டும், எது வேங்கை என்று சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் பைபாஸ் ரோட்டில் உங்கள் படம் பேனராக வைப்போம், ஸ்டாண்டு ஆட்களே நடத்தி வீடியோ அனுப்பினால் போதும் என்றேன்.

"சரிங்க மேடம். தோத்தா என்னங்க மேடம் பண்ணணும்?"

அதை நான் யோசிக்கவே இல்லை! "அது... தாங்களே கூறலாம்" என்று சமாளித்தேன்.

"அப்படீன்னா எழுதிக்குங்க மேடம். தோத்தா எங்க மாப்ள குழந்தைவேலு வீட்டு வாசல மிதிக்கறேன். மாமன் சீரோட. ஊரு சாட்சி. ஆனா வர்ற ஞாயித்துக்கெழமையே வெச்சுக்கோணுமுங்க மேடம், தள்ளிப் போடாதீங்க."

திமிரைப் பார்த்தீங்களா? தோற்கவே மாட்டோம் என்கிற திமிர். இருக்கிறதிலேயே பெரிய பந்தயமாகத் தூக்கி வைக்கிறார்! நான் தொட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உருண்டேன். "சாப்பிட்டீங்களா மேடம்?" என்று வேறு கேட்டார். தலைமை அலுவலகத்தை! அன்றைக்குச் சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது எனக்குப் பனங்கற்கண்டு வாங்கி வந்து, "தொண்டைக்கு நல்லது, வாயில போட்டுக்க" என்று கொடுத்தார். அந்த ஊதாரித்தனம் எல்லாம் எதற்கு, எனக்குச் சளியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. இப்போதுதான் அக்கா சிரிப்பு, தயாராகிக்கொள்ளுங்க. ஸ்டாண்டுக்கு முன்னால் எங்கள் மின்னலும் மாமாவின் தோழனும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் வெள்ளை. இரண்டு பெஞ்சுக்காரர்களும் வந்துவிட்டார்கள். செயலாளர் ஜமால் அண்ணன் அப்பாவின் கண்ணில் துண்டைக் கட்டி, இப்படியும் அப்படியும் சுற்றிவிட்டு, முதலில் எங்கள் மின்னலில்தான் ஏற்றினார். எங்கள் சொந்த வண்டி! பெரிய ஏமாற்று எதுவும் இல்லை. நான் பின்சீட்டில் போனைப் பிடித்து வீடியோ எடுக்கிறேன். அப்பா இடதுபக்கம் உட்கார்ந்தார். கதவு "க்ர்யீக்". கை தானாக மேலே போனது. ஜன்னலுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்குமே, எங்கள் வண்டியில் அது விரிசல் விட்டுப் பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். அதைப் பிடித்தார். விரலால் இப்படி, இப்படித் தடவிக்கொண்டே வந்தார், பூனை முதுகைத் தடவுகிற மாதிரி. மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வண்டி நின்றது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ச்சீ!" என்று காறித் துப்பினார். "இதுவா வேங்கை? தகர டப்பா! நாத்தத்துலயே தெரியுது, சாரதி! இறக்கி விடு ஜமாலு!"

சிரிங்க அக்கா! எங்கள் அப்பா தன் சொந்த வண்டியையே காறித் துப்பிவிட்டார்! அப்புறம் மாமாவின் தோழனில் ஏறி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, "இதான்டா என் தங்கம், மின்னலு!" என்றார். துண்டை அவிழ்த்ததும் எதிர்ப்பெஞ்சில் ஒருத்தன் ரோட்டில் விழுந்து புரண்டான். "தலைவரே, சேலை என்ன கலருங்க?" அப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. இன்றைக்கும் அவருக்கு ஸ்டாண்டில் 'கண்ணாமூச்சி சாமியப்பன்' என்றுதான் பெயர்.

ஏன் அக்கா சிரிக்கவில்லை? இவ்வளவு நேரம் ஊறப்போட்டது இதற்குத்தானே?

காதுகுத்துக்குப் போனாரா என்று கேட்கிறீங்களா? போகாமல்? ஊர் சாட்சி! வெள்ளிக்கிழமை காதுகுத்து. புதன்கிழமைக்குள் மகிழனுக்குப் பட்டுச் சட்டை, அளவெடுத்துத் தைத்த மாதிரி. தங்கக் கம்மல், பெயர் முதலெழுத்தெல்லாம் போட்டு. அந்த ஆசாரி மூன்று நாளில் எப்படித்தான் செய்து கொடுத்தாரோ, ஆச்சரியம். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா, அந்தத் தோழன் நிற்கிற வாசலை மிதித்து உள்ளே போனார். அத்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா வந்து தட்டை வாங்கினார், "வாங்க மச்சான்" என்றார், சேலைப் பேச்சை எடுக்கவில்லை. மகிழன் அப்பா மடியில் உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுத்தான். ஊசி அவன் காதில் இறங்கியதும், அவனுக்கு முன்னால் அப்பா அழுதார். தோற்றுப்போன அவமானம். அத்தனை பேர் எதிரில் தேம்பித் தேம்பி! எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. ஒரு மனுஷனுக்குத் தன் வண்டியே தெரியாமல் இருக்குமா? முப்பது வருஷம் கும்பிட்டானே, கையில் பட்டபோது கூடவா...

என்ன கேட்டீங்க?

அந்தப் பச்சை டேப்பா? யார் சுற்றியதா? அப்பாதான். வண்டி வாங்கிய மாசமே சுற்றினார். கடையில் கறுப்பு இல்லை, பச்சைதான் இருந்தது, நான்தான் வாங்கி வந்தேன். பல்லால் கடித்து அறுத்து, அவரேதான்... அந்த விரலுக்கு அது தெரியாமலா...

மாமா வண்டியிலா? மாமா வண்டியில் கைப்பிடி உடையவே இல்லையே. மொழுமொழுவென்று இருக்கும்.

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க அக்கா.

அப்படியென்றால் அந்தத் தோள் குலுங்கியது சிரிப்பிலா... ஸ்டிக்கரைப் பூசைக்கு முன்னாலேயே, அதே ஓரத்தில்... ஐயையோ, பனங்கற்கண்டு! "சாப்பிட்டீங்களா மேடம்"! நான் மாடியில் வெறும் வயிற்றோடுதான் உட்கார்ந்திருந்தேன், சாப்பிடாமல், காலையிலிருந்து, அம்மா கத்திக்கொண்டே இருந்தாள்!

இப்போது மட்டும் என்ன சிரிப்பு உங்களுக்கு? டேப்லெட்டைப் பிடிங்க, விழப்போகிறது.

கேட்டீங்களா, "க்ர்யீக்". அப்பா வந்துவிட்டார், கதவைச் சாத்துகிறார். சீக்கிரம் அந்தக் குறிப்பைத் திறங்க. இல்லை, அழிக்க வேண்டாம். 'ஒட்டன்சத்திரத்தின் முதல்தர ஏமாளி' அப்படியே இருக்கட்டும், வண்டி அதேதான். முன்னால் ஒட்டியிருக்கிற பெயரை மட்டும் கழற்றிவிட்டு, 'வஞ்சி' என்று ஒட்டிவிடுங்க.